கிணறு வைத்த படகு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நம் படகின் அடியில் ஓட்டை போட்டுவிட்டேன். பாறையில் மோதி விழுந்த ஓட்டை இல்லை. நானே ட்ரில்லைப் பிடித்து, விரல் நுழையும் அளவில், வரிசை வரிசையாகப் போட்டவை. கையில் காப்பி இருந்தால் கீழே வைத்துவிட்டு மேலே படி.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு அம்மா சொன்ன தீர்ப்பு உனக்கு நினைவிருக்கும். "இனிமே ரெண்டு பேரும் எழுதியே சண்டை போடுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் தீர்ந்துடும், என் காதும் பிழைக்கும்." அன்று நீ என்ன சொன்னாய்? அப்பாவின் படகை உடைத்து விறகுக்குப் போட்டுவிட்டு உருப்படியாக வேறு வேலை பார் என்றாய். நான் போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் படகின் மீன் அறைக்குள் இறங்கி உட்கார்ந்தேன். அங்கேதான் இந்த யோசனை வந்தது. ஆக, இதற்கு நீயும் ஒரு காரணம்.

விஷயம் இதுதான். இப்போது சந்தைக்குத் தொட்டி வைத்த லாரிகள் வருகின்றன. உயிரோடு துள்ளுகிற மீனைத்தான் வாங்குகிறார்கள். ஐஸில் படுத்திருக்கும் நம் மீனைப் பார்த்தால் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெரிய இரும்புப் படகுகளில் தொட்டி உண்டு, பம்பு உண்டு. நம் மரப்படகில் அதற்கெல்லாம் ஏது இடம்? கடலையே தொட்டியாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. நடுவில் இருக்கும் மீன் அறைக்கு முன்னாலும் பின்னாலும் தண்ணீர் கசியாத சுவர். அந்த அறையின் அடியில் மட்டும் துளைகள். கடல் உள்ளே வரும், போகும். மீன் தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே கரை வரை வந்துவிடும். முன்னறையும் பின்னறையும் காற்றோடு இருக்கிற வரை படகு மிதக்கும். இதற்குக் கிணறு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பைத்தியம் என்று எழுதாதே. எழுதினாலும் இந்தத் துறைமுகத்தில் நான் தனியாள் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் பழைய பஸ்ஸின் முன்பக்கத்தை அப்படியே அறுத்து வந்து சுக்கான் அறையாக வைத்திருக்கிறார். மழை வந்தால் பஸ் வைப்பர் ஓடுகிறது. அதற்கடுத்தவர் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஓட்டுகிறார். இன்னொருவர் வாஷிங் மெஷின் உருளையில் கயிறு சுற்றுகிறார். கணவன்மேல் நம்பிக்கை இல்லாத ஒரு அம்மாள் பின்னால் இரண்டாவது சுக்கான் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் திருப்பியதில் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. இவர்களுக்கு நடுவில் என் கிணறு மிகவும் அடக்கமானது.

இனி உன் வேலை. ஏப்ரல் பத்தாம் தேதி துறைமுக ஆய்வாளர் வருகிறார். படகில் பெரிய மாற்றம் செய்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பாதிப் படகு உன்னுடையது. நீ போடாவிட்டால் உரிமம் போகும். பழைய மரப்படகுக்கு ஒருமுறை போன உரிமம் திரும்பக் கிடைக்காது. அப்புறம் நீ ஆசைப்பட்ட விறகுதான்.

உன் அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

காப்பியைக் கீழே வைக்கவில்லை. வரைபடத்தின்மேல் கொட்டிவிட்டேன். நான் வேலை பார்ப்பது கப்பல் கட்டும் இடத்தின் வரைவு அறையில். ஒரு கூட்டமே காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து, தண்ணீரை எப்படி வெளியே நிறுத்துவது என்று யோசிக்கிறோம். அதற்குத்தான் சம்பளம். நீ ட்ரில்லோடு போய் அதை உள்ளே அழைத்திருக்கிறாய்.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். தடுப்புச் சுவர்ப் பலகை எவ்வளவு கனம்? யார் கட்டியது? கிணற்றின் மேல் வாய்க்கு விளிம்பு எவ்வளவு உயரம் வைத்திருக்கிறாய்? கடைசிக் கேள்வி முக்கியம். அதற்கு மழுப்பாமல் பதில் எழுது.

அத்தான் என்ன சொல்கிறார்? எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவர்தானே, தண்ணீர் ஏறினால் முதலில் கால் நனைவது அவருக்குத்தான். அவராவது உன்னைத் தடுத்திருக்கக் கூடாதா?

கையெழுத்துப் போட மாட்டேன். துளைகளை அடைத்துவிடு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீ கடலின் நடுவில் வீட்டையே விடுகிறாய்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள வரைபடக்காரருக்கு,

மிதக்குது.

நேற்று படகைத் தண்ணீரில் இறக்கினோம். துறைமுகமே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. பஸ்காரர் தன் படகின் ஹாரனை அடித்தார். நான் கிணற்றுக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு எழும்பியது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு. டார்ச்சை இன்னும் கீழே இறக்கினேன். பிறகு நின்றது. தம்பி, அது தானாகவே நின்றது. வெளியே கடல் எந்த மட்டமோ உள்ளேயும் அதே மட்டம். முன்னறையில் கையை விட்டுப் பார்த்தேன், பின்னறையில் பார்த்தேன், இரண்டும் காய்ந்து கிடந்தன. நான் போட்ட சத்தத்தில் அத்தான் எஞ்சின் அறையிலிருந்து ஓடி வந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாயே. உன் அத்தான் வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். ட்ரில்லை எடுத்தபோது, "கையைப் பாத்து"ன்னார். அவ்வளவுதான்.

பிறகு கொஞ்சம் மீனை வாங்கி உள்ளே விட்டோம். சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றுகூட வயிற்றைக் காட்டவில்லை. சுவர் கட்டிய தச்சர், இரண்டு பலகையைக் குறுக்குநெடுக்காகச் சேர்த்து நடுவில் தார் பூசியிருக்கிறார். கனம் என் மணிக்கட்டு அளவு.

துளையை அடைக்கச் சொல்கிறாய். அடைத்தால் பழையபடி ஐஸ், பழையபடி துக்க வீடு. இந்தப் பருவமும் அப்படிப் போனால் படகை நிறுத்திவிட வேண்டியதுதான். முன்பு அதே அறையில் ஐஸும் மீனுமாக நிரப்பிக்கொண்டு போனோம், இப்போது தண்ணீரும் மீனும். பாரம் எங்கே கூடியது? உன் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

விளிம்பு உயரமா? அழகான உயரம்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

அழகான உயரம் என்பது எத்தனை சாண்? நீ மழுப்பியதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் வைத்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் படித்தார். பிறகு அவருக்கு அடுத்தவர். தலைமை வரைவாளர் இருக்கிறாரே, காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார், அவர் எழுந்து வந்து, "உங்க அக்கா நிஜமாவே இறக்கிட்டாங்களா?"ன்னு கேட்டார். அப்புறம் ஒருவரும் சாப்பிடவில்லை. என் சாப்பாட்டு டப்பாவில் மூன்று அறை உண்டு. நடு அறையில் ஆணியால் துளை போட்டு, கை கழுவும் தொட்டியில் மிதக்க விட்டோம். மிதந்தது. கைதட்டினோம். கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

பிறகு இரண்டு ஓர அறையிலும் நட்டு, போல்ட்டு எல்லாம் அள்ளிப் போட்டோம், உன் டீசலும் வலையும் ஆட்களும் என்று வைத்துக்கொள். டப்பா அமுங்கியது. அமுங்க அமுங்க நடு அறையின் தண்ணீர் ஏறி, விளிம்பைத் தாண்டி, பக்கத்து அறைகளில் வழிந்தது. டப்பா போய்விட்டது. அக்கா, நீ இறக்கியது வெறும் வயிற்றுப் படகு. ஐஸை நீ குறைத்து ஏற்றலாம். கடலைக் குறைத்து ஏற்ற முடியாது. பாரம் ஏற ஏறக் கிணறும் ஏறும், படகு சாய்ந்தால் இன்னும் ஏறும். விளிம்பை உயர்த்தாமல் கரையை விட்டு நகராதே.

இதற்கெல்லாம் பிறகும் கையெழுத்துக்கு என் கை போக மாட்டேன் என்கிறது. ஒரு வழி யோசித்தேன். என் பாதியையும் உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். பிறகு உனக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். நீயும் நினைத்ததைச் செய்யலாம், நமக்குள் சண்டையும் இருக்காது.

தம்பி


மார்ச் 2

தம்பி,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதியே தீர வேண்டும். சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

பாரம் ஏற்றிப் பார்க்கலாம் என்று அத்தான் சைகையில் சொன்னார். மூட்டைகளை ஏற்றியிருந்தால் எந்தக் கதையும் இல்லை. நான் குடும்பத்தையே கூப்பிட்டுவிட்டேன். அம்மா, பெரியம்மா, சித்தி, சித்தப்பா, அத்தானின் தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், பிள்ளை குட்டிகள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பை. உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் ஓட்டைப் படகைப் பரீட்சிக்கச் சொந்தக்காரர்களைப் பாரமாக ஏற்றாது. துறைமுகத்துக்குள்ளேயே, மூழ்கினாலும் மார்பளவு தண்ணீர் உள்ள இடத்தில்தான் சுற்றினோம், பயப்படாதே.

கிணற்றில் மீன் விட்டிருந்தேன். சித்தி எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எவ்ளோ பெருசு, வந்து பாருங்க"ன்னு ஒரு குரல் கொடுத்தார். அத்தனை பேரும் ஒரே பக்கமாக வந்தார்கள். படகு சாய்ந்தது. கிணறு பொங்கியது. தளத்தில் முழங்கால் தண்ணீர், அதில் மீன்கள், மீன்களுக்கு நடுவில் பெரியம்மா. ஒரு பெரிய மீனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, "இதை மட்டும் விடமாட்டேன்"னு உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோரையும் தோளைப் பிடித்து மறுபக்கம் தள்ளினாள். படகு நிமிர்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். விளிம்பு ஒரு சாண். ஒரே ஒரு சாண். நீ கேட்டபோதே உனக்குத் தெரியும் போலிருக்கிறது. இந்த முறை ஏட்டுச் சுரைக்காய்தான் கறியானது. இன்னும் எவ்வளவு உயர்த்தலாம் என்று சீக்கிரம் எழுது. தச்சர் பலகையோடு காத்திருக்கிறார்.

அக்கா


மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் அளவு இல்லாததால் தச்சரே விளிம்பை மூன்று சாண் ஆக்கிவிட்டார், போதுமா என்று பார்த்து எழுது. நீ எச்சரித்ததற்கு நன்றி. உன் டப்பாவுக்கு என் வருத்தம்.

உன் பாதி எனக்கு வேண்டாம்.

பெருந்தன்மையாகக் கொடுப்பதாக நீ நினைத்திருப்பாய். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு அது கை கழுவுவதாகத்தான் தெரிந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் படகிலேயே கிடந்தேன். அத்தானே கவலைப்பட்டு, "சாப்பிட்டியா"ன்னு கேட்டார் என்றால் பார்த்துக்கொள். நான் துளை போட்டதும் முதலில் யாருக்கு எழுதினேன்? கையெழுத்துக்காக மட்டும் எழுதினேன் என்று நினைத்தாயா? அதைக் கேட்டு எழுத ஒரு வரி போதும். படகு மிதந்தபோது நான் போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நாலு பக்கம் எழுதினேன்.

படகு மூழ்கினால் மூழ்கட்டும், என் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று நினைத்தால் அப்படியே சொல்லு. கையெழுத்துப் போடாதே. ஏப்ரல் பத்தாம் தேதி ஆய்வாளரிடம் என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறேன். படகை அறுக்கட்டும். ஆனால் உன் பாதியை என் தலையில் கட்டிவிட்டுக் கரையில் நின்று வேடிக்கை பார்க்காதே.

அக்கா


மார்ச் 18

அக்கா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அம்மா சொன்னது சரிதான், எழுதுவதற்குள் கோபம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று அம்மா சொல்லவில்லை. எனக்குப் பயம் மிஞ்சியது.

நான் இங்கே எத்தனையோ கப்பலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். அவற்றில் எதிலும் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் கிடையாது. அத்தனை பேரும் வெறும் எடைதான், ஆளுக்கு இத்தனை கிலோ. உன் படகுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் ஓர் எடைக்கு உன் முகம் இருக்கிறது, இன்னோர் எடை ஒன்றும் பேசாமல் எஞ்சின் பக்கத்தில் நிற்கிறது. பெரியம்மா மீனைக் கட்டிக்கொண்டிருந்ததைப் படித்துவிட்டு அறையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்றே மனதில் ஓடியது. அதனால்தான் ஓடப் பார்த்தேன். என் பெயரைக் காப்பாற்ற இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

மூன்று சாண் போதும். தலைமை வரைவாளரும் தனியாகக் கணக்குப் போட்டு அதே இடத்துக்கு வந்தார். கிணற்று வாய்க்குச் சட்டம் போட்ட மூடி வை, அலையில் தண்ணீர் எகிறாது. முன்னறையிலும் பின்னறையிலும் தண்ணீர் இறைக்க அறைக்கொரு கைப்பம்பு வை. சுவர் கசிந்தால் அவைதான் உயிர். வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதை வரைந்தபோது மணி போனதே தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் ஓடுவேனே, அப்படி இருந்தது.

கையெழுத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். விடுப்புச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி வருகிறேன். முதலில் ஏறுவேன். பிறகு போடுவேன்.

தம்பி


ஏப்ரல் 12

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். நடந்தால் தரை இன்னும் ஆடுகிறது. வரைவு அறை முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டது. நான் வாந்தி எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே. கப்பல் வரைகிறவனுக்கு ஒரு மானம் இருக்கிறது.

ஆய்வாளர் கைப்பம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க தைரியமா வெளிய போவீங்களா?"ன்னு என்னைத்தானே கேட்டார். "நான் போனா நீங்களும் வருவீங்களா?"ன்னு கேட்டது நான்தானா என்று இன்னமும் சந்தேகமாக இருக்கிறது. அந்த மனுஷன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

துறைமுகத்துக்கு வெளியே அந்தக் காற்றில் படகு சாய்ந்தபோது நான் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இரண்டாவது சாணையும் தாண்டி ஏறியது. இன்னும் நாலு விரல் மிச்சம் இருக்கும்போது நின்று, திரும்ப இறங்கியது. என் பென்சில் சொன்ன இடத்தில் கடல் நின்றது. அக்கா, இத்தனை வருஷத்தில் நான் போட்ட கணக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால்தான் கரைக்கு வந்ததும் கையெழுத்துப் போட என் கை தயங்கவில்லை.

பதினைந்தாம் தேதி வலையோடு கிளம்பித் திரும்பியதும் என்ன ஆயிற்று என்று உடனே எழுது. போன் செய்தாலும் பரவாயில்லை.

தம்பி


ஏப்ரல் 17

என் தம்பிக்கு,

போன் செய்ய மாட்டேன். எழுதினால்தான் நீ இரண்டு தரம் படிப்பாய்.

கடலில் நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரலில் அது நின்றதும் நீ வாயெல்லாம் பல்லாக ஆய்வாளரின் தோளில் ஓர் அறை விட்டாய். உனக்கு நினைவே இருக்காது. அவர் தடுமாறி அத்தான்மேல் சாய்ந்தார். அந்த மனுஷன் எதனால் அனுமதித்தார் என்று நீ என்ன கணக்குப் போட்டு வைத்திருக்கிறாயோ. நீ சந்தோஷத்தில் விட்ட அந்த அறைதான் என்று நான் நினைக்கிறேன்.

நேற்று மதியம் திரும்பினோம். முன்பு கரைக்கு வந்ததும் ஐஸை உடைக்கிற சத்தம்தான் கேட்கும். நேற்று மூடியைத் தூக்கியதும் கிணறு கொதிக்கிற மாதிரி சத்தம் போட்டது. தொட்டி லாரிக்காரர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்து முகத்தில் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். தராசில் வைத்த மீன் தராசை விட்டுக் குதித்தது. பல் டாக்டர் நாற்காலிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார், அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து, "எங்க படகுக்கும் ஓட்டை போடணும்"னு கேட்டார்கள். தம்பி கணக்குப் போடாமல் ஒருவரும் ட்ரில்லைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உன் வரைவு அறைக்காரர்களுக்கு இனி சாப்பாட்டு டப்பா மிஞ்சாது.

கடைசியாக ஒன்று மட்டும் கிணற்றில் இருந்தது. இருந்ததிலேயே பெரியது. லாரிக்காரர் அதைக் காட்டி என்ன விலை என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் பேசுகிறார்கள் என்று சந்தையே திரும்பிப் பார்த்தது. உன் அத்தான்.

"அது விக்கிறதுக்கு இல்ல. பாதிப் படகு சொந்தக்காரரோடது. அவர் வந்து எடுத்துக்குவார்."

வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர், மூன்றாகப் பேசிவிட்டார். மூடியைப் போட்டுவிட்டேன்.

அது இன்னும் கிணற்றில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. உன்னைவிட அதிகமாகத் தின்கிறது. சீக்கிரம் வா.

அக்கா